முன்னணைப் பிள்ளை

டிசம்பர் 1, ஞாயிறு

கெசியா, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. மணி பதினொன்று தாண்டிவிட்டது. கையெழுத்து கோணலாகப் போனால் அதற்குக் குளிர் பாதி, தூக்கம் பாதி. இந்த வீட்டில் பத்து மணிக்கு முன்னால் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து இவருக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஹாஸ்டலில் நாம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? டிசம்பர் முழுக்க ஆளுக்கொரு நாட்குறிப்பு எழுதி, புது வருஷத்தன்று மாற்றிக்கொள்வோமே. கல்யாணத்துக்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். இந்த வருஷம் எழுதி, மொத்தமாக உனக்கு அனுப்பப்போகிறேன். ஏன் திடீரென்று என்று கேட்காதே. உனக்குக் காது பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்ததற்கு நான் ஒரு வாழ்த்துக்கூடப் போடவில்லை. அந்த உறுத்தல்தான், வேறொன்றும் இல்லை.

இன்றைக்கு அட்வெந்து முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிறுக்கும் நாலு மெழுகுவத்தி. இங்கே தென்னை ஓலையில் வளையம் பின்னி அதில் நிற்க வைக்கிறார்கள். இன்று ஒன்று ஏற்றியாயிற்று. ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத்தான் எதிர் வீடு தெரியும், அப்படிப் பனி. கோவில் சின்னது, ஓடு போட்டது, நாற்பது குடும்பம் இருக்கும். எட்வின் இந்தச் சபைக்கு ஐயராக வந்து ஆறு மாதம் ஆகிறது. இவர் பொறுப்பில் ஏழு ஊர். அதனால் இவர் பாதி நாள் சைக்கிளில் இருப்பார். நான் எல்லா நாளும் ஐயரம்மாவாக இருக்கிறேன். என்னைவிட மூத்தவர்கள் "ஐயரம்மா" என்று எழுந்து நிற்கும்போது பின்னால் வேறு யாரோ வருகிறார்களோ என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

என் பிள்ளை பெனி, ஞானஸ்நானத்தில் நீ ஞானத்தாயாக நின்ற உன் ஞானமகன், நன்றாக இருக்கிறான். ஏழு மாதம் நிறைந்துவிட்டது. உட்காருகிறான். கோவில் மணி எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் வெளியே, இரண்டு கல்தூணுக்கு நடுவில் தொங்குகிறது. நாங்கள் இங்கே வந்த முதல் ஞாயிறு அது அடித்தபோது என் கையிலிருந்த பால் கொட்டிவிட்டது. பெனி தூங்கிக்கொண்டே இருந்தான். இன்றைக்கும் அப்படித்தான். இப்படி ஒரு சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மழைத்தூறல். துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி அவன் சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் புகை வாசம்.

டிசம்பர் 5, வியாழன்

நாளெல்லாம் வீட்டில் கூட்டம். மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டுகிறார்கள், தாழ்வாரம் முழுக்கப் பசையும் கண்ணாடித்தாளும். தேவதூதர்களுக்கு இறக்கை தைப்பது என் வேலை. இவருடைய பழைய வேட்டி ஒன்று போயிற்று. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சந்தோஷம் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. மாதர் சங்கத் தலைவி. வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவருவார்களே, அதை வசூல் செய்வது இவள்தான். பெயர்தான் சந்தோஷம், முகம் எப்போதும் உர்ரென்று இருக்கும். அவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். இன்று அவள்தான் முன்னணைப் பிள்ளை விஷயத்தைச் சொன்னாள்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் கோவிலில் கிறிஸ்து பிறப்பு நாடகம். மற்ற ஊர்களில் முன்னணையில், அந்த மாட்டுத்தொட்டியில், குழந்தை இயேசுவாகப் பொம்மையை வைப்பார்களாம். இவர்களுக்குப் பொம்மை ஆகாது. அந்த வருஷம் பிறந்து ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளையைத்தான் வைக்க வேண்டும். நாடகம் முடியும்வரை பிள்ளை அழாமல் இருந்தால் வரும் வருஷம் சமாதானமான வருஷம். அழுதால் இல்லை. அதனால் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போதே, கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் டிரம்மை உள்ளே கொண்டுபோய் அடித்துப் பார்ப்பார்களாம். அசையாத பிள்ளைக்குத்தான் முன்னணை. முன்னால் இருந்த ஐயர்கள் இது மூடநம்பிக்கை என்று திட்டிப் பார்த்தும் விடவில்லை. போன வருஷம் சந்தோஷம் அக்காவின் மகள் ஷாலினிதான் முன்னணையில். அது போட்ட கூச்சலில் மேய்ப்பர்கள் கொண்டுவந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கிறிஸ்துமஸ் அன்றைய ஐக்கிய விருந்துக்காக அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகள் மொத்தமாகச் சரிந்து விழுந்தன. மரியாளாக நடிக்கப்போகிற லில்லி அலறிவிட்டாள். பெனி தட்டுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கடித்துக்கொண்டேயிருந்தான்.

"ஐயர் வூட்டுப் பிள்ளைன்னா இப்டித்தான் இருக்கணும்" என்றாள் சந்தோஷம் அக்கா. முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன்.

கையில் ஏதாவது கிடைத்தால் இவனுக்கு உலகமே மறந்துபோகும். அப்படியே அவன் அப்பா.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாவது மெழுகுவத்தி. இவர் பிரசங்கம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நம் சபையில் எல்லாமே காது வழியாக வருகிறது என்றார். கண்ணுக்கு விருந்தாக நம்மிடம் தேர் இல்லை, அலங்காரம் இல்லை. வார்த்தை காதில் விழ வேண்டும், அதுதான் வாசல், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருவது என்றார். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம் வந்தது. வைத்திருக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

கூப்பிட்டதும் பெனி இரண்டு தடவை திரும்பினான். மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை, கதவருகில் வந்து சும்மா நின்றேன், என் நிழல் அவன் முன்னால் விழுந்தது. அப்போதும் திரும்பினான்.

டிசம்பர் 11, புதன்

முறுக்கு பிழிந்தோம். எனக்குப் பதம் வரவில்லை, மாவு உடைந்து உடைந்து விழுந்தது. "காலேஜ்ல இதச் சொல்லித் தரலியா" என்று சந்தோஷம் அக்கா அச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனாலும் கெசியா, இவர்கள் என் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறார்களே, அதுவே பெரிது. ஆறு மாதமாக "படிச்ச பொண்ணு" என்று வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனவர்கள். இப்போது பெனியைத் தூக்க வருகிற சாக்கில் சமையலறைவரை வருகிறார்கள்.

டிசம்பர் 14, சனி

இன்று கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பம். முதல் வீடு வழக்கமாக ஐயர் வீடுதான். இருட்டினதும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்துவிட்டார்கள், தலைக்கு மப்ளர் கட்டிய பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் யோவேல் உபதேசியார். எட்வின் மற்ற ஊர்களுக்குப் போயிருக்கும் நாட்களில் இங்கே ஜெபம் நடத்துகிறவர். அவர் வயிற்றை முட்டிக்கொண்டு டிரம் தொங்கும். அவருக்கு டிரம் முக்கியமா வேதபுத்தகம் முக்கியமா என்று இவர் கிண்டல் செய்வார்.

பெனி அப்போதுதான் தூங்கியிருந்தான். நான் கட்டிலில் அவன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெனியின் வயிறு அதிர்ந்தது, என் கை அதிர்ந்தது. அவன் இமை அசையவில்லை. இன்னொருமுறை, இன்னும் கிட்டே வந்து அடித்தார். வாயோரம் பால் வழிய அவன் தூங்கினான்.

பிறகு உபதேசியார் மெதுவாக, "பத்து வருசமா அடிக்கிறேன் ஐயரம்மா, இந்த மாதிரி ஒரு பிள்ளய நான் பாத்ததில்ல" என்றார். பெண்கள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். ஒருத்தி அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவர் எல்லாருக்கும் காபி கொடுக்கிறேன் என்று சட்டென்று வெளியே போய்விட்டார். காபி போட்டு வைத்தது நான். டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது.

மற்ற இரண்டு கைப்பிள்ளைகளும் அலறிவிட்டனவாம். பெனிதான் முன்னணைப் பிள்ளை. எனக்குத் தலைவலி. சந்தோஷத்தில் வந்ததாக இருக்கும்.

டிசம்பர் 16, திங்கள்

சாப்பிடும்போது இவரிடம் சாதாரணமாகச் சொல்வது மாதிரி சொன்னேன். இந்த வயதில் பிள்ளைகள் "ப்பா, ம்மா" என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருக்குமாமே, நம் பிள்ளை முன்பு சொன்னதைக்கூட இப்போது விட்டுவிட்டானே என்று. தன் சித்தப்பா மகன் மூன்று வயதில்தான் வாயைத் திறந்தான், இப்போது கோர்ட்டில் வாயை மூடுவதில்லை என்றார். பதிலைத் தயாராக வைத்திருந்தது மாதிரி சொன்னார். அப்புறம் ரசம் கேட்டார். இலையில் சாதமே இல்லை.

ஒன்று ஞாபகம் வந்தது, எழுதிவிடுகிறேன். பெனி மூன்று மாதக் கருவாக இருந்தபோது எனக்கு மேலெல்லாம் சிவப்பாகத் தடித்து மூன்று நாள் ஜுரம் வந்தது. அம்மா வேப்பிலை போட்டுப் படுக்கவைத்தார்கள், தானாகச் சரியாகிவிட்டது. நீகூடப் பார்க்க வந்தாய், ஆரஞ்சு வாங்கி வந்தாய். ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

ஒத்திகை. ஆடு வந்தது, போன வருஷத்து அதே ஆடு. லில்லிக்கு மரியாளின் வசனம் இரண்டே வரி, அதையும் மறந்துவிட்டுச் சிரிக்கிறாள். யோசேப்பாக நடிக்கிற பையனின் தாடி ஒரு பக்கம் தொங்குகிறது. பெனி முன்னணை வைக்கோலில் படுத்து மேலே தொங்குகிற நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சீரியல் பல்பு அணைந்து அணைந்து எரிந்தால் கையைக் காலை உதைத்துச் சிரிக்கிறான். ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து அவனுக்கு வெள்ளைப் பட்டில் சட்டை தைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சந்தோஷம் அக்கா பின்னால் வந்து, "இன்னாத்துக்கு ஐயரம்மா, எப்பப் பாத்தாலும் அவன் முதுகுப் பக்கமே நின்னுனு கை தட்டினு கீறே? காக்கா ஓட்டறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பெனிக்கு ஜலதோஷம், வேறு பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாய்வரை வந்தது. அந்தப் பட்டுச் சட்டையைப் பார்த்தேன். ஐந்து நாள்தானே, முடியட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

நாலாவது மெழுகுவத்தி. பகலில் உனக்குத் தனியாக ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன், நாலே வரி. நாளைக் காலைத் தபாலில் போடலாம் என்று வைத்திருந்தேன். அதில் பால் கணக்கு எழுதிவிட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கெசியா, இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடையில் நான் எழுந்து போய் அவனைப் பார்த்துவிட்டு வருவேன், எழுத்து அங்கங்கே மாறும்.

ஆறரைக்கெல்லாம் கோவில் நிறைந்துவிட்டது. தரையில் பாய், பாயில் இடமில்லாமல் ஜன்னல் திண்டில் ஆட்கள். போர்வை போர்த்திய கிழவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சவுக்கு மரக் கிளையில் பஞ்சு ஒட்டிப் பனி விழுந்த மாதிரி செய்திருந்தார்கள். வெளியே நிஜப் பனி.

பட்டுச் சட்டையோடு அவனை முன்னணையில் நானே படுக்கவைத்தேன். முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்தேன். தேவதூதன் வரும் கட்டத்தில் வெளியே பட்டாசு வெடித்தார்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கத்தின. பெனி நட்சத்திரத்தைப் பார்த்துச் சிரித்தான். மேய்ப்பர்கள் டிரம்மோடு வந்தார்கள். ஆடு மிரண்டது. பெனி சிரித்தான். மணியடித்தது, அவன் கட்டைவிரலைச் சூப்பினான். எனக்குப் பின்னால் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், சந்தோஷத்தில். "வர்ற வருசம் நமக்கு நல்லது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இன்னும் நட்சத்திரத்தைப் பார்த்துக் காணிக்கையோடு வரும் சாஸ்திரிகள் மட்டும்தான் வர வேண்டும். நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். என் பிள்ளை சமத்து, அவ்வளவுதான், நான்தான் பைத்தியக்காரி என்று.

அப்போது கரண்ட் போயிற்று.

நட்சத்திரம் அணைந்தது, பல்பு எல்லாம் அணைந்தது. உள்ளங்கை தெரியாத இருட்டு. அந்த இருட்டில் பெனி வீறிட்டான். அவன் அப்படி அழுது நான் கேட்டதேயில்லை. மூச்சை இழுத்து இழுத்து.

உபதேசியார் பெட்ரோமாக்ஸை ஏற்றப் போராடிக்கொண்டிருந்தார், தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன். எந்த அம்மாவும் அதைத்தானே செய்வாள். "பெனி, அம்மா இங்கதான்டா இருக்கேன், பெனி, அம்மா இருக்கேன்டா." அவன் நிறுத்தவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். கோவில் முழுக்க என் குரலும் அவன் அழுகையும்தான். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தன. லில்லி வேறு, "நான் கிள்ளலைக்கா, நான் ஒண்ணும் பண்ணலைக்கா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் கால்களின்மேலும் பாய்களின்மேலும் தவழ்ந்து போனேன். வைக்கோலைத் தடவினேன். என் விரல் அவன் கன்னத்தில் பட்டதும் அழுகை நின்றது. வெட்டின மாதிரி நின்றது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

விளக்கு வந்தது. யாரோ கிழவர், "இந்த வருசமும் அழுதாச்சு" என்று பெருமூச்சு விட்டார். சந்தோஷம் அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "இருட்டுல அம்மா கொரல் கேட்டா எந்தப் பிள்ளையும்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தன் போர்வையை எடுத்து எங்கள் இரண்டு பேர் மேலும் போட்டுவிட்டு, சாஸ்திரிகளைப் பார்த்து, "இன்னா மரம் மாதிரி நிக்கிறீங்க, வந்து காணிக்கைய வச்சிட்டுப் போங்கடா" என்று அதட்டினாள்.

இவர் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் பக்கமே வரவில்லை. கையில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அவனுக்குக் கேட்கவில்லை, கெசியா. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். விடியற்கால ஆராதனை. ஐக்கிய விருந்துக்கு மூன்று அண்டா சோறு. இவர் பகலுக்கு மேல் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். ஏழு ஊருக்கும் ஒரே ஐயர் என்பதால் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நாள் கிறிஸ்துமஸ். இருபத்தெட்டாம் தேதிதான் திரும்புவார். போகும்போது என்னிடம் ஏதோ சொல்ல வந்து, சைக்கிளுக்குக் காற்று போதுமா என்று கேட்டார்.

டிசம்பர் 26, வியாழன்

வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தேன், தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தேன், பனி படும் என்று திரும்ப உள்ளே இழுத்தேன்.

சந்தோஷம் அக்கா வந்தாள். நான் பேச்சை எடுப்பதற்குள், யாரோ ஒருவர் முன்னணைப் பிள்ளை அழுததால் வரும் வருஷமும் போர் கிணறு வற்றும் என்று டீக்கடையில் சொன்னதையும், தான் அதற்குக் கொடுத்த பதிலையும் சொன்னாள். "போன வருசம் எம் பொண்ணு அழுதுச்சு. இன்னா கெட்டுப் போச்சு? அந்த போர்ல எப்பவும் உப்புத் தண்ணிதான்" என்றாளாம்.

அப்புறம் சமையலறைக்கு வந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

தெரியாது என்றேன். அவள் விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு, மணிச் சத்தத்துக்குத் துள்ளாததிலிருந்து என்றேன். அது ஜூன் மாதம், கெசியா. நானே என் வாயால் சொல்லி அப்போதுதான் கேட்டேன்.

"நாங்க வேற அவன அதுக்காகவே தூக்கித் தலைமேல வச்சினு ஆடினோம்" என்றாள். திட்டியது தன்னையா என்னையா என்று தெரியவில்லை. போகும்போது பெனி முன்னால் போய்க் குந்தி, முகத்தை நேராகக் காட்டி, அவன் பார்த்த பிறகுதான் கையை நீட்டினாள். அவன் தாவினான்.

டிசம்பர் 28, சனி

இவர் மத்தியானம் வந்தார், தாடியில் தூசி. நான் சொல்வதற்கு மூன்று நாளாக வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். இவர் சைக்கிளை நிறுத்தினதும் எல்லாம் மறந்துபோய், "நம்ம பிள்ளைக்குக் காது கேக்கல" என்றேன். கொல்லையில், துணி காய்கிற கொடிக்குக் கீழே.

இவர் ஹாண்டில்பாரை விடவில்லை. அப்படியே நின்று சொன்னார், "ஞாயித்துக்கிழமை மணி அடிக்கிறப்ப எல்லாம் ஜன்னல் வழியா அவனைத்தான் பாத்துட்டு அடிப்பேன். ஒருநாளாவது திரும்புவான்னு. அதுக்காகவே ரெண்டு தடவை அதிகமா இழுத்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் தெரிந்துகொண்டு ரசம் கேட்டாயா என்று கத்தினேன். "நீ எனக்குச் சொன்னியா?" என்றார். பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. சந்தோஷம் அக்கா கேட்டுக்கொண்டிருந்திருப்பாள், கேட்கட்டும்.

அந்தப் பிரசங்கத்தை நினைத்தால் தன்னையே உதைக்க வேண்டும் போல இருக்கிறது என்றார். காதுதான் வாசல் என்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். இருட்டில் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தோற்ற அன்றைக்கு, கிட்டே வந்தால் ஆராதனை முடிக்கத் தன்னால் ஆகாது என்று அங்கேயே நின்றுவிட்டாராம். வந்திருக்கலாம் என்றேன். வந்திருக்கணும் என்றார்.

அப்புறம் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஞானஸ்நானத்துல இவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் இவனா பதில் சொன்னான்? இவன் பேருக்கு நாம சொன்னோம். இன்னும் கொஞ்ச காலம் நாமளே சொல்வோம். அப்புறம் அவனுக்குத் தெரிஞ்ச விதத்துல அவன் சொல்லிப்பான்."

இதுவும் பிரசங்கம்தான். ஆனால் இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

பழைய வருஷ ஆராதனை. இங்கே அந்த வருஷம் நடந்ததை ஒவ்வொரு குடும்பமும் எழுந்து நின்று சொல்லும் வழக்கம். ஒருவர் மாடு கன்று போட்டதைச் சொன்னார், ஒருவர் மகனுக்குப் பஸ் கண்டக்டர் வேலை கிடைத்ததைச் சொன்னார். எங்கள் முறை வந்தபோது இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். பெனியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எங்கள் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறோம், வைத்தியம் பார்க்கப் போகிறோம், ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. அதைத்தான் பயந்திருந்தேன். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு டிரம்மைக் காலால் பின்னுக்குத் தள்ளினார், ஏதோ அதுதான் குற்றவாளி மாதிரி. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லும்போது, ஒவ்வொருவராகப் பெனிக்கு முன்னால் வந்து, மெழுகுவத்தியைத் தன் முகத்துக்குக் கிட்டே தூக்கிப் பிடித்து, அவன் பார்த்ததும் சிரித்துவிட்டுப் போனார்கள். சந்தோஷம் அக்கா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். "இந்த வருசமும் அழுதாச்சு" என்ற கிழவருக்குப் பல் இல்லை, அவர் சிரித்தபோது பெனி சத்தமாகச் சிரித்தான். அவரும் விடாமல் இன்னொருமுறை சிரித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அது வேறு அழுகை.

ஜனவரி 2, வியாழன்

இதோடு முடித்துக் காலைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். சந்தோஷம் அக்காவே தபாலாபீசுக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் விட்டால் நான் போடமாட்டேன் என்று எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறாள். இறக்கை தைத்த மிச்ச வேட்டித் துணியில்தான் இதைச் சுற்றியிருக்கிறேன், உறை எதுவும் இதற்குப் போதவில்லை.

நீ படிக்கும்போது முதல் பக்கத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும், கோபப்படுவாய். படு. ஆனால் நான் ஏன் டெலிபோன் செய்யவில்லை என்று கேட்காதே. டெலிபோனில் நீ கேள்வி கேட்பாய், நான் அவன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லி வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆறாம் தேதி பிரசன்னத் திருநாள் முடிந்ததும் இவருக்கு ஒரு வாரம் விடுப்பு. அதற்குப் பிறகு எந்த நாள் சொன்னாலும் வந்துவிடுவோம். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எந்தக் கிழமை கூட்டிவர வேண்டும். எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும். அந்த மூன்று நாள் ஜுரத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டுமா. இவ்வளவு நாள் தாமதித்ததில் ஏதாவது கெட்டுப் போயிருக்குமா, அதை மறைக்காமல் சொல். பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும் என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கவலையில்லை, அவன் நன்றாகத் தூங்குவான்.

ஞானஸ்நானத்தன்று அவன் பேருக்குப் பதில் சொன்னவர்களில் நீயும் ஒருத்தி.

சீக்கிரம் பதில் போடு.

பெர்சிஸ்